குளிரும் கொட்டகையில் ஆறடி மீன்தொட்டி: கட்டுப்படியாகும் செலவில் சூடாக்க வழி உண்டா?

உதகைப்பனி | டிசம்பர் 9, இரவு 10.20

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியிலிருந்து எழுதுகிறேன். வீட்டின் பின்புறக் கொட்டகையில் ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரத்தில் 12 மி.மீ. கண்ணாடித் தொட்டி வைத்திருக்கிறேன். சரளையும் மரக்கட்டையும் போக ஏறக்குறைய 600 லிட்டர் தண்ணீர் நிற்கிறது. நான்கு ஆஸ்கர் மீன்கள். கட்டைவிரல் அளவில் வாங்கியவை இன்று என் உள்ளங்கையை விடப் பெரியவை.

கருங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை. இப்போது விடியற்காலையில் கொட்டகைக்குள் 8 டிகிரி, நண்பகலில் 16 வரை ஏறுகிறது. தலைக்குந்தா பக்கம் உறைபனி விழத் தொடங்கிவிட்டது. இனி இரண்டு மாதம் இப்படித்தான்.

300 வாட் கண்ணாடி ஹீட்டர் இரண்டு போட்டிருக்கிறேன். 28-இல் வைத்தும் தண்ணீர் 25-ஐத் தாண்டவில்லை. ஹீட்டரின் சிவப்பு விளக்கு இரவும் பகலும் அணைவதே இல்லை. போன முறை கரண்ட் பில் 1,120 யூனிட். வழக்கமாக எங்கள் வீட்டுக்கு 250 யூனிட்தான் ஆகும். ஐந்நூறு ரூபாய்க்குள் கட்டிக்கொண்டிருந்தவன் எட்டாயிரத்துக்கு மேல் கட்டினேன். இன்னொரு முறை இப்படி வந்தால் மீன்களை யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவதாக ஒரு 500 வாட் ஹீட்டர் வாங்கலாமா? குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு தரும் ஹீட்டர் ஏதாவது இருக்கிறதா?

---

மலைத்தோழன் | டிசம்பர் 9, இரவு 10.55

வாளியில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் 1500 வாட் கம்பியை ஒரு தெர்மோஸ்டாட்டில் மாட்டித் தொட்டிக்குள் இறக்குங்கள். விலை மிகக் குறைவு. சீக்கிரமே சூடாகிவிடும்.

---

கோவை மின்பணி | டிசம்பர் 9, இரவு 11.10

தயவுசெய்து மேலே சொன்னதைச் செய்யாதீர்கள். அந்தக் கம்பி, ஆள் தொடாத வாளியில் பத்து நிமிடம் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. மாதக்கணக்கில் தண்ணீருக்குள் கிடப்பதற்காக அல்ல. முலாம் அரித்துச் செம்பு கரைந்தால் மீனுக்கு நஞ்சு. உறை விரிந்து கசிவு ஏற்பட்டால் ஈரத்தரையில் நின்றபடி தொட்டிக்குள் கைவிடும் மனிதருக்கு உயிராபத்து. முப்பது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். மீன் வளர்ப்பவர்கள் வீட்டில் நான் முதலில் பார்ப்பது சுவிட்ச்போர்டைத்தான்.

உதகைப்பனி தம்பி, உங்கள் கொட்டகை இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., அதாவது மின்கசிவு ஏற்பட்டதும் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச், இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே போடுங்கள். ஹீட்டரின் ஒயர் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகக்கூடாது. கீழே தொங்கி வளைந்து மறுபடி மேலேறிப் போக வேண்டும். ஒயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மற்றதை எல்லாம் பிறகு பேசலாம்.

---

அளவுகோல் | டிசம்பர் 10, காலை 6.30

தம்பி, நான் குன்னூரில் இயற்பியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக மலையில் தொட்டி வைத்திருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மலையில் மீன் வளர்க்கும் எல்லோரையும் ஏமாற்றும் கேள்வி அது.

குறைந்த மின்சாரத்தில் அதிகச் சூடு தரும் ஹீட்டர் என்று ஒன்று கிடையாது. கண்ணாடி, டைட்டானியம், உள்ளூர்த் தயாரிப்பு, ஜெர்மன் தயாரிப்பு எதுவானாலும் தண்ணீருக்குள் கிடக்கும் ஹீட்டர் 300 வாட் இழுத்தால் 300 வாட் சூட்டைத்தான் தண்ணீரில் விடும். ஒரு யூனிட் மின்சாரம் 860 லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்தும். எந்த நிறுவனமும் இந்தக் கணக்கை மாற்ற முடியாது. விலை உயர்ந்த ஹீட்டரில் கிடைப்பது நம்பகம் மட்டுமே.

ஆகவே 500 வாட் ஹீட்டரைச் சேர்த்தால் தண்ணீர் 28-க்குப் போகும், பில்லும் கூடவே ஏறும். ஓட்டைக் குடத்தில் வேகமாக ஊற்றினால் குடம் நிறையத்தான் செய்யும். ஆனால் கிணறு வற்றிப் போகும்.

உங்கள் குடத்தில் ஓட்டை எவ்வளவு பெரியது என்று முதலில் அளந்து பாருங்கள். இரவு பத்து மணிக்குத் தண்ணீரின் வெப்பத்தையும் கொட்டகையின் வெப்பத்தையும் குறித்துக்கொண்டு ஹீட்டர்களை நிறுத்துங்கள். ஃபில்டர் ஓடட்டும். மூன்று மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். அதற்கு மேல் நிறுத்தி வைக்க வேண்டாம். எத்தனை டிகிரி குறைந்தது என்று இங்கே எழுதுங்கள். மேற்பரப்பு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றும் சொல்லுங்கள்.

---

ஸ்காபரோவாசி | டிசம்பர் 10, காலை 8.05

கனடாவில், டொரோண்டோவின் ஸ்காபரோ பகுதியில் இருந்து எழுதுகிறேன். என் நானூறு லிட்டர் தொட்டி நிலக்கீழ் அறையில் இருக்கிறது. வெளியே மைனஸ் இருபது ஆனாலும் அறை 15-க்குக் கீழே போவதில்லை. அதனால் உங்களை விட எனக்கு வேலை எளிது.

என் கேள்வி ஒன்று. தொட்டியை வீட்டுக்குள் கொண்டுவர முடியாதா? வீட்டுக்குள் இருக்கும் தொட்டி இழக்கும் சூடு வீட்டைத்தான் சூடாக்குகிறது. குளிர்காலத்தில் அது முழு நட்டம் இல்லை. தனிக் கொட்டகையில் இழப்பது அத்தனையும் ஊர்க் காற்றுக்குப் போகிறது.

---

உதகைப்பனி | டிசம்பர் 10, மதியம் 1.15

@கோவை மின்பணி: ஐயா, ஆர்.சி.சி.பி. இல்லை. இன்று மாலையே எலக்ட்ரீஷியன் வருகிறார். நன்றி.

@ஸ்காபரோவாசி: அண்ணா, எங்கள் வீடு பழைய மரத்தளம் போட்ட வீடு. தொட்டியும் தண்ணீரும் சரளையும் ஸ்டாண்டும் சேர்ந்து 900 கிலோவை நெருங்கும். தளம் தாங்காது. கொட்டகைக்கு மட்டும்தான் சிமெண்டுத் தரை.

@அளவுகோல்: ஐயா, மேலே கொசுவலைச் சட்டம் மட்டும் போட்டிருக்கிறேன், ஆஸ்கர் துள்ளிக் குதிக்காமல் இருக்க. தண்ணீர் மேற்பரப்பு திறந்துதான் இருக்கிறது. தண்ணீரை வெளியே இழுத்து வடிகட்டித் திருப்பி அனுப்பும் கேனிஸ்டர் ஃபில்டர் ஒன்று, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் இரண்டு. இன்றிரவு அளக்கிறேன்.

---

உதகைப்பனி | டிசம்பர் 11, அதிகாலை 1.20

10 மணிக்குத் தண்ணீர் 25.2, கொட்டகை 10.

1 மணிக்குத் தண்ணீர் 22.6, கொட்டகை 9.5.

ஹீட்டரை மறுபடி போட்டுவிட்டேன். மூன்று மணி நேரத்தில் இவ்வளவு இறங்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நடு இரவில் கரண்ட் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணும்போது தூக்கம் வரவில்லை.

---

அளவுகோல் | டிசம்பர் 11, காலை 7.00

இப்போது நம் கையில் உண்மையான ஓர் எண் இருக்கிறது.

ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒரு கிலோ கலோரி போகிறது. 600 லிட்டரில் 2.6 டிகிரி போனது என்றால் 1,560 கிலோ கலோரி. மூன்றால் வகுத்தால் மணிக்கு 520. அதை 860-ஆல் வகுத்தால் 0.6 யூனிட், அதாவது 600 வாட். உங்கள் இரண்டு ஹீட்டரும் சேர்ந்து தருவதும் 600 வாட். விளக்கு ஏன் அணைவதில்லை என்பதற்கு விடை இதுதான். தண்ணீருக்கும் அறைக்கும் இடையே சராசரியாக 14 டிகிரி வித்தியாசம் இருந்திருக்கிறது. ஆக, ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் 43 வாட் ஓடிப்போகிறது. இந்த 43-ஐ எழுதி வையுங்கள். இனி நாம் செய்யும் ஒவ்வொரு வேலையும் இந்த எண்ணைக் குறைக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

சூடு எங்கே போகிறது? உங்கள் தொட்டியில் ஏறக்குறையப் பாதி மேலே போகிறது. திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஒரு லிட்டர் ஆவியானால் அது சுமார் 580 கிலோ கலோரியை எடுத்துக்கொண்டு போகும். ஒரு லிட்டர் தண்ணீர் குறைந்தால் ஒரு யூனிட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மின்சாரம் காற்றோடு போனது என்று பொருள். குளிரில் தொட்டி வைத்திருப்பவர்கள் சுவரில் பூஞ்சை பிடிக்கிறது என்று வருந்துவார்கள். அந்த ஈரம் அத்தனையும் அவர்கள் காசு கொடுத்து வாங்கிய சூடு.

மீதி பெரும்பாலும் நான்கு பக்கக் கண்ணாடி வழியே போகிறது. 12 மி.மீ. கண்ணாடி தடிமனாகத் தெரிந்தாலும் சூட்டைத் தடுப்பதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அடிப்பக்கம் சிறிதளவு.

வண்ணமீன் சந்தை உள்ள சென்னைக் கொளத்தூரிலிருந்து மீன் எதில் வைத்து உங்களுக்கு வந்தது என்று நினைத்துப் பாருங்கள். தெர்மோகோல் பெட்டியில். இரவு முழுவதும் பஸ்ஸில் மலையேறி வந்தும் பைக்குள் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தானே இருந்தது? உள்ளே ஹீட்டர் எதுவும் இல்லையே. அந்தப் பெட்டியை உங்கள் தொட்டிக்குச் செய்யுங்கள்.

முதலில் மேல் மூடி. இரட்டைச் சுவர் பாலிகார்பனேட் தகடு கிடைத்தால் மிக நல்லது, இல்லாவிட்டால் 5 மி.மீ. கண்ணாடி. இரவில் அதன் மேல் ஒரு தெர்மோகோல் பலகை. பிறகு பின்பக்கமும் இரு பக்கவாட்டும் 50 மி.மீ. பலகை, நிரந்தரமாக. முன்பக்கத்துக்கு அதே தடிமனில் தனிப் பலகை. மாலையில் விளக்கணைத்ததும் சாத்தி வையுங்கள், காலையில் எடுத்துவிடுங்கள். பகலில் உங்களுக்கு மீன் தெரிய வேண்டுமே.

---

தேயிலைச்சாரல் | டிசம்பர் 11, மாலை 5.40

கோத்தகிரியில் பள்ளி ஆசிரியை. நான்கடித் தொட்டியில் கோல்டுஃபிஷ் வைத்திருக்கிறேன், அதற்கு ஹீட்டரே தேவையில்லை. ஆனால் தெர்மோகோல் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும்.

சாதாரண வெள்ளைத் தெர்மோகோலை அப்படியே ஒட்டினால் எறும்பு குடி புகும், எலி கடிக்கும். ஒரே மழைக்காலத்தில் என் தொட்டியின் பின்பக்கம் சல்லடையாகிவிட்டது. எக்ஸ்.பி.எஸ். என்று நீலத்திலோ இளஞ்சிவப்பிலோ நெருக்கமான பலகை கூரை வேலைக்கு விற்கிறார்கள். ஈரம் குடிக்காது. விலை கூடுதல், ஆனால் நிற்கும். அதன் மேலும் பழைய பேனர் துணியைச் சுற்றி விளிம்பை டேப் போட்டு மூடிவிடுங்கள். ரப்பர் பசை, பெயின்ட் தின்னர் எதுவும் படக்கூடாது, பலகை உருகிவிடும். வெள்ளை ஃபெவிகால் அல்லது இருபக்க டேப் போதும்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் போக மனமில்லை. குளிர் தாங்காமல் கொட்டகைக்குள் கரி அடுப்பு மூட்டி வைக்கும் பழக்கம் நம் மலையில் உண்டு. மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. அதற்கு வாசனை இல்லை. அப்படி மூட்டிவிட்டு உறங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். மீனுக்காக அந்தத் தவறை யாரும் செய்துவிடாதீர்கள்.

---

கொளத்தூர்ப் பண்ணை | டிசம்பர் 11, இரவு 9.30

ஆஸ்கர் பற்றிச் சொல்கிறேன், எங்கள் குடும்பத் தொழில் இது. 28 தேவையில்லை. வளர்ந்த ஆஸ்கருக்கு 24 போதும். 22 வரை இறங்கினாலும் தாங்கும். 20-க்குக் கீழே போனால் இரை எடுக்காது, மூலையில் சாய்ந்து நிற்கும், வெள்ளைப்புள்ளி நோய் வந்துவிடும். மீன் குளிரைத் தாங்கினாலும், ஒரே இரவில் ஐந்து டிகிரி இறங்கி ஏறுவதைத் தாங்காது. நிலையாக இருப்பதுதான் முக்கியம்.

குளிர்ந்த நாளில் இரையைக் குறையுங்கள். மீனுக்குச் செரிமானம் மந்தமாகும், ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவும் மந்தமாகும். மிஞ்சிய இரை அம்மோனியாவாக நிற்கும்.

ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. மலையில் இருப்பவர்கள் எங்களிடம் டிஸ்கஸ் கேட்கிறார்கள். அது 28, 30 கேட்கும் மீன். உங்கள் குளிரில் அதற்குச் சோறு போட முடியாது. மலைக்கு ஏற்ற மீன் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே இருக்கிறது. மிஸ் கேரளா என்று சொல்லும் டெனிசன் கெண்டை, ஓடும் குளிர்ந்த ஓடையில் பிறந்தது. 20 டிகிரியில் அழகாகச் சுற்றி வரும். ஆனால் காட்டு ஓடையிலிருந்து பிடித்ததை வாங்காதீர்கள், அது அழியும் நிலையில் இருக்கும் இனம். பண்ணையில் பிறந்ததா என்று கேட்டு வாங்குங்கள். வரிக்குதிரை டானியோ, ரோசி பார்ப், வொயிட் கிளவுட் எல்லாம் கூட ஊட்டிக்கு நல்ல மீன்கள்தான்.

---

உதகைப்பனி | டிசம்பர் 11, இரவு 10.15

அடுத்த தொட்டிக்கு நீங்கள் சொன்னது நிச்சயம் நினைவிருக்கும், அண்ணா. இந்த நான்கு ஆஸ்கரும் ஏழு ஆண்டுகளாக என்னோடு இருக்கின்றன. அவற்றை மாற்றும் எண்ணம் இல்லை. இன்றே 24-க்கு இறக்கி வைக்கிறேன்.

---

நீலகிரி மீன்கூடம் | டிசம்பர் 12, காலை 10.10

எல்லோரும் தொட்டியைச் சுற்றிப் போர்த்தச் சொல்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். அறையையே சூடாக்குங்கள். என் அறையில் பதினெட்டுத் தொட்டிகள். சூடும் தரும் இன்வெர்ட்டர் ஏ.சி. ஒன்று போட்டிருக்கிறேன். அது வெளிக்காற்றிலிருந்து சூட்டை உள்ளே இழுத்து வருவதால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் வரை சூடு தருகிறது. ஹீட்டர் அப்படித் தர முடியுமா? பதினெட்டு ஹீட்டர், பதினெட்டுப் பிளக், பதினெட்டுப் பழுது என்ற தொல்லையும் இல்லை.

---

அளவுகோல் | டிசம்பர் 12, பகல் 11.45

உங்கள் இடத்தில் உங்கள் முடிவு முற்றிலும் சரி, மறுக்கவில்லை. பதினெட்டுத் தொட்டி உள்ள அறையில் தொட்டிகளின் கண்ணாடிப் பரப்பு அறைச் சுவரை விடக் கூடுதலாக இருக்கும். அங்கே அறையைப் போர்த்தி அறையைச் சூடாக்குவதுதான் நியாயம்.

உதகைப்பனியிடம் இருப்பது ஒரே தொட்டி. அதைச் சுற்றி ஐந்து சதுர மீட்டர் பரப்பு. கொட்டகையின் சுவரும் கூரையும் சேர்த்தால் அதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். கூரையோ ஒற்றை ஆஸ்பெஸ்டாஸ். ஏ.சி. மூன்று மடங்கு சூடு தந்தாலும் அந்தக் கூரை அதை விழுங்கிவிடும். விடியற்காலைக் குளிரில் வெளி யூனிட்டில் உறைபனி படிந்தால் அந்த மூன்று மடங்கும் குறைந்துபோகும். ஏ.சி. வாங்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குப் பலகை வாங்கிவிடலாம்.

ஆனால் நீலகிரி மீன்கூடம் சொன்னதிலிருந்து நீங்கள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும், உதகைப்பனி தம்பி. கூரைக்குக் கீழே ஒரு பொய்த்தளம் (ஃபால்ஸ் சீலிங்) போடுங்கள், கதவிடுக்கை அடையுங்கள். கொட்டகையின் சராசரி 12-லிருந்து 14-க்கு ஏறினாலே போதும். 24 டிகிரித் தண்ணீருக்கு வித்தியாசம் 12-லிருந்து 10 ஆகும். ஆறில் ஒரு பங்கு மிச்சம்.

---

ஸ்காபரோவாசி | டிசம்பர் 12, மாலை 6.50

எங்கள் மாகாணத்தில் இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த கட்டணத் திட்டம் ஒன்று இருக்கிறது. நான் டைமர் வைத்து அந்த நேரத்தில் மட்டும் 26 வரை ஏற்றுகிறேன். பகலில் மெல்ல 24.5-க்கு இறங்குகிறது. தண்ணீர்தான் என் பாட்டரி. இரண்டு அங்குலப் பலகை போர்த்தியிருப்பதால்தான் இது முடிகிறது. உங்கள் ஊரில் இரவுக் கட்டணம் உண்டா?

---

கோவை மின்பணி | டிசம்பர் 12, இரவு 8.30

நம் வீட்டு இணைப்பில் இரவுக்கென்று தனி விலை இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது அடுக்கு. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் அல்ல, 101-ஆவது யூனிட்டிலிருந்தே விலைப்பட்டியல் மாறிவிடும். 1,000-க்கு மேல் ஒரு யூனிட்டுக்கு 11 ரூபாய்க்கு மேல். ஆகவே தம்பியின் குறி, வீட்டையும் தொட்டியையும் சேர்த்து 500-க்குள். வீட்டுக்கு 250 போனால் தொட்டிக்கு 250. நாளுக்கு நான்கு யூனிட்டுக்குச் சற்று மேல்.

ஹீட்டர் பற்றி ஒன்று. இரண்டு 300 வாட் வைத்திருக்கிறீர்கள், அது நல்லது, 500 வாட் ஒன்றாக மாற்றாதீர்கள். ஹீட்டருக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஒருநாள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டினால் பெரிய ஹீட்டர் மீனை வேகவைத்துவிடும். வெளியே எஸ்.டி.சி. 1000 போல ஒரு தனி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டு அதை 24-இல் வையுங்கள். ஹீட்டர்களை 26-இல் வையுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். கருவியின் உணரி தண்ணீருக்குள்தான் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அது வெளியே விழுந்தால் காற்றின் குளிரைத் தண்ணீரின் குளிர் என்று எண்ணி ஹீட்டரை நிறுத்தாது.

---

மலைத்தோழன் | டிசம்பர் 13, காலை 7.20

கம்பி பற்றி நான் எழுதியது தவறு. ஆபத்து எனக்குத் தெரியாமல் இருந்தது, மன்னிக்கவும். என் வீட்டிலும் அப்படித்தான் ஒரு டிரம்மில் போட்டிருந்தேன், எடுத்துவிட்டேன்.

எங்கள் கூரையில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கிறது. அந்த வெந்நீரைத் தொட்டிக்குப் பயன்படுத்த முடியுமா?

---

அளவுகோல் | டிசம்பர் 13, காலை 9.00

எழுதியதைத் திருத்திக்கொள்வது பெரிய குணம், தம்பி.

சோலார் நல்ல யோசனை. உறைபனி விழும் இரவுகள் மேகமில்லாத இரவுகள். மறுநாள் பகலும் பெரும்பாலும் தெளிந்த வெயில்தான். குளிர் கூடும் மாதத்தில் வெயிலும் கிடைப்பது நம் மலைக்கு வாய்த்த நன்மை. 200 லிட்டர் வெந்நீர் 60-லிருந்து 30-க்கு இறங்கினால் 6,000 கிலோ கலோரி, ஏழு யூனிட். போர்த்திய தொட்டிக்கு ஒரு நாளைக்கு அதுவே மிகுதி. ஆனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடுபனியிலும் மழையிலும் அதை நம்ப முடியாது.

வெந்நீரை நேராகத் தொட்டிக்குள் சுற்ற விடக்கூடாது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயைச் சுருளாக்கித் தொட்டிக்குள் வைத்து அதன் வழியே செலுத்த வேண்டும். செம்புக் குழாய் வேண்டவே வேண்டாம். பம்ப், வால்வு, உணரி எல்லாம் சேர்ந்தால் வேலை பெரிது. அதற்கு முன் எளிய ஒன்றைச் செய்யலாம். தண்ணீர் மாற்றும்போது மட்டும் சோலாரைப் பயன்படுத்துங்கள். 13 டிகிரிக் குழாய்த் தண்ணீர் 150 லிட்டர் ஊற்றினால் அதைச் சூடாக்கவே இரண்டு யூனிட் போய்விடும், மீனுக்கும் திடீர்க் குளிர். டிரம்மில் வெந்நீரும் பச்சைத் தண்ணீரும் கலந்து, குளோரின் நீக்கி, 24-க்குக் கொண்டுவந்து ஊற்றுங்கள்.

---

உதகைப்பனி | டிசம்பர் 22, இரவு 9.50

வேலை முடிந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

50 மி.மீ. எக்ஸ்.பி.எஸ். பலகை ஆறு வாங்கினேன். வண்டி வாடகை உட்பட மூவாயிரத்துக்குள் முடிந்தது. பின்பக்கம், பக்கவாட்டு எல்லாம் ஒட்டிப் பேனர் துணி சுற்றியாயிற்று. தொட்டியைத் தூக்க முடியாது என்பதால் அடிப்பக்கத்துக்கு ஸ்டாண்டின் பிளைவுட்டுக்குக் கீழே, இரும்புச் சட்டங்களுக்கு நடுவில் பலகையை அளந்து வெட்டிச் செருகினேன். மேலே கண்ணாடி மூடி, இரவில் பலகை.

முதல் இரவே ஒரு தவறு செய்தேன். மேலே ஒரு இடைவெளி கூட விடாமல் டேப் போட்டு அடைத்துவிட்டேன். காலையில் ஆஸ்கர் நான்கும் மேற்பரப்பில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. உடனே திறந்தேன். இப்போது பின்மூலையில் இரண்டு விரல் இடைவெளி இருக்கிறது. கேனிஸ்டரின் வாய் மேற்பரப்பைக் கலக்குகிறது. ஏர் பம்பையும் இடம் மாற்றினேன். தரையில் கிடந்தபோது அது 8 டிகிரிக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதிக்கொண்டிருந்தது. இப்போது ஸ்டாண்டுக்குள், கேனிஸ்டருக்கு அருகில்.

நேற்று இரவு அதே சோதனை. 10 மணிக்கு 24.0. 1 மணிக்கு 23.2. கொட்டகை 10 டிகிரி.

---

அளவுகோல் | டிசம்பர் 23, காலை 6.15

0.8 டிகிரி! 600-ஆல் பெருக்கி மூன்றால் வகுத்தால் மணிக்கு 160 கிலோ கலோரி, அதாவது 186 வாட். டிகிரிக்கு 43-ஆக இருந்தது 14-க்குக் கீழே வந்துவிட்டது. ஓட்டையில் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிட்டீர்கள். படித்தபோது எனக்குத் தாங்க முடியாத மகிழ்ச்சி.

காற்றுக்காக விட்ட இடைவெளியை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

---

உதகைப்பனி | ஜனவரி 8, இரவு 8.40

நேற்று முன்தினம் காற்றில் மரம் விழுந்து இரவு 9 மணிக்குக் கரண்ட் போனது. காலை 6 மணிக்குத்தான் வந்தது. கொட்டகைக்குள் 7 டிகிரி. இரவு முழுவதும் டார்ச் வைத்து வெப்பமானியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். 24-லிருந்து 21.6. அவ்வளவுதான். பழைய நிலையில் 17-க்குப் போயிருக்கும். சிறிய ஏர் பம்ப் ஒன்றை பாட்டரியில் ஓட்டிக் காற்று மட்டும் கொடுத்தேன். காலையில் நான்கும் நீந்திக்கொண்டிருந்தன. மதியம் இரை எடுத்துக்கொண்டன.

---

தேயிலைச்சாரல் | ஜனவரி 8, இரவு 9.05

படிக்கும்போதே நெஞ்சு படபடத்தது. நல்ல செய்தி. கரண்ட் இல்லாத நேரத்தில் முன்பக்கப் பலகையை எடுத்து எடுத்துப் பார்க்காமல் இருங்கள். பார்க்கும் ஒவ்வொரு முறையும் சூடு போகும்.

---

உதகைப்பனி | பிப்ரவரி 16, மாலை 7.30

பில் வந்துவிட்டது. 466 யூனிட்.

பலகை போர்த்தியதும் பிளக் மீட்டரில் நாளுக்கு 4.2 யூனிட் காட்டியது. அது 500-ஐத் தொட்டுவிடும் என்ற பயத்தில் பொங்கல் விடுமுறையில் கூரைக்குக் கீழே மீதிப் பலகையும் தெர்மோகோலும் வைத்துப் பொய்த்தளம் போட்டேன், கதவின் அடியில் ரப்பர் பட்டி அடித்தேன். பிறகு 3.5-க்கும் கீழே வந்தது. கட்டணம் ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்குள். மீன்களைக் கொடுத்துவிடும் பேச்சு வீட்டில் இப்போது இல்லை. அம்மா மாலையில் தானே போய் முன்பலகையைச் சாத்திவிட்டு வருகிறார்.

ஒரு கேள்வி. முன்பக்கக் கண்ணாடியில் காலையில் வெளிப்புறம் நீர் கோத்து நிற்கிறது. பலகை சரியாகப் பொருந்தவில்லையா?

---

அளவுகோல் | பிப்ரவரி 16, இரவு 8.10

ஆம், பலகைக்கும் கண்ணாடிக்கும் இடையே இடுக்கு வழியாகக் குளிர்காற்று போய் வருகிறது. மூடியின் முன்விளிம்பில் கசியும் ஈரக்காற்றும் அங்கே இறங்கிக் குளிர்ந்து நீராகிறது. பலகையின் நான்கு விளிம்பிலும் கதவுக்கு ஒட்டும் ஸ்பாஞ்ச் பட்டியை ஒட்டுங்கள். மேல்விளிம்பு மூடியின் அடிக்கு ஒரு விரல் மேலே வருமாறு உயர்த்துங்கள். ஒட்டிய பிறகு மூன்று மணி நேரச் சோதனையை ஒருமுறை செய்து எண்ணை எழுதுங்கள். டிகிரிக்கு 13 வாட்டுக்குக் கீழே வரும் என்று நினைக்கிறேன்.

---

உதகைப்பனி | பிப்ரவரி 19, அதிகாலை 1.10

12.4, ஐயா.